கிராபிக்ஸ் கார்டின் சாதனக் கோப்பு: லினக்ஸில் அது உருவாகும் வழி

கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தியாகிவிட்டது. திரையில் படமும் வருகிறது. ஆனால் பிளெண்டரைத் திறந்தால் கார்டு எதையும் காட்டவில்லை. வீடியோவை மாற்றித் தரும் நிரல் அனுமதி இல்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. நேற்று வரை ஓடிய கணக்கீடு, கெர்னலைப் புதுப்பித்த மறுநாள் ஓடவில்லை. இந்தச் சிக்கல்களை நூல் பிடித்துக்கொண்டு போனால், பல நேரங்களில் ஓரிடத்தில்தான் வந்து நிற்போம். டெவ் அடைவில் இருக்க வேண்டிய ஒரு கோப்பு அங்கே இல்லை. அல்லது இருக்கிறது, ஆனால் அதைத் திறக்க நம் நிரலுக்கு உரிமை இல்லை.

கோப்பு இல்லையென்றால் கையால் உருவாக்கிவிடலாம், அனுமதி இல்லையென்றால் எல்லோருக்கும் திறந்துவிடலாம் என்று பலர் வழி சொல்கிறார்கள். இந்த அத்தியாயம் அந்த வழியில் போகாது. சாதனக் கோப்பு என்பது ஒரு தொடர் நிகழ்வின் கடைசி விளைவு. அது இல்லையென்றால் அதற்கு முந்தைய ஏதோ ஒரு படி நடக்கவில்லை என்றே பொருள். அந்தப் படியைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் கோப்பு தானாக வரும். படியை விட்டுவிட்டுக் கோப்பை மட்டும் உருவாக்கினால், அந்தக் கோப்புக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது.

இந்த நூலில் கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் ஒலிப்பின்படி தமிழில் தரப்படுகின்றன. விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். ‘ரெண்டர்டி128’ என்ற கோப்புப் பெயரில் ‘டி’, ‘யூசர்மோட் -ஏஜி’ கட்டளையில் ‘ஜி’ போன்ற சில எழுத்துகள் மட்டும் பெரிய எழுத்து.

1. சாதனக் கோப்புக்குள் என்ன இருக்கிறது

சாதாரணக் கோப்பில் தரவு இருக்கும். சாதனக் கோப்பில் தரவு இல்லை; இரண்டு எண்கள் மட்டுமே இருக்கின்றன. ஒன்று மேஜர் எண், மற்றொன்று மைனர் எண். மேஜர் எண் தெருவின் பெயர் என்றால் மைனர் எண் அந்தத் தெருவில் உள்ள வீட்டின் கதவு எண். ஒரு நிரல் சாதனக் கோப்பைத் திறக்கும்போது கெர்னல் பெயரைப் பொருட்படுத்துவதில்லை. மேஜர் எண்ணை வைத்து எந்த டிரைவர் என்று முடிவு செய்கிறது. மைனர் எண்ணை வைத்து அந்த டிரைவரின் கீழ் எந்தச் சாதனம் என்று முடிவு செய்கிறது. பிறகு நிரலின் வேண்டுகோளை அங்கே ஒப்படைக்கிறது.

டெர்மினலில் ‘எல்எஸ் -எல் /டெவ்/டிஆர்ஐ’ என்று அடித்துப் பாருங்கள். சாதனக் கோப்புகளின் வரிகள் ‘சி’ என்ற எழுத்தில் தொடங்கும். அது எழுத்துவகைச் சாதனம், அதாவது கேரக்டர் டிவைஸ் என்பதற்கான அடையாளம். சாதாரணக் கோப்பின் அளவு வர வேண்டிய இடத்தில் ‘226, 0’, ‘226, 128’ போன்ற எண்ணிணைகள் இருக்கும். 226 என்பது லினக்ஸில் டிஆர்எம் எனப்படும் கிராபிக்ஸ் துணைமண்டலத்துக்கு நிரந்தரமாக ஒதுக்கப்பட்ட மேஜர் எண். இன்டெல், ஏஎம்டி, ராஸ்பெரி பை என எந்தக் கார்டாக இருந்தாலும், அதன் டிரைவர் டிஆர்எம் வழியாக வந்தால் இந்த எண்ணின் கீழ்தான் வரும். பழைய ஃபிரேம்பஃபர் முறையின் ‘எஃப்பி0’ கோப்புக்கு மேஜர் எண் 29.

கையால் கோப்பை உருவாக்குவது ஏன் உதவாது என்பது இதிலிருந்தே விளங்கும். ‘எம்கேநோட்’ கட்டளையால் 226, 0 என்ற எண்களுடன் ஒரு கோப்பை யாரும் உருவாக்கலாம். ரூட் உரிமை இருந்தால் போதும். ஆனால் அந்த எண்ணில் எந்த டிரைவரும் தன்னைப் பதிவு செய்துகொள்ளவில்லையென்றால், கோப்பைத் திறந்ததும் ‘நோ சச் டிவைஸ்’ என்ற வகைப் பிழைதான் வரும். முகவரி எழுதிவிட்டால் வீடு வந்துவிடாது.

2. கார்டு கோப்பு, ரெண்டர் கோப்பு

டிஆர்ஐ அடைவில் பொதுவாக ஒரு கார்டுக்கு இரண்டு கோப்புகள் இருக்கும்: ‘கார்டு0’, ‘ரெண்டர்டி128’. இரண்டும் ஒரே வன்பொருளுக்கான வாசல்கள். ஆனால் வேலை வேறு.

கார்டு கோப்பின் மைனர் எண்கள் 0-வில் தொடங்குகின்றன. திரையின் தெளிவுத்திறனை மாற்றுவது, எந்த மானிட்டருக்கு எந்தப் படம் போக வேண்டும் என்று முடிவு செய்வது ஆகியவை இந்தக் கோப்பின் வழியாகவே நடக்கின்றன. இதற்கு ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் முழு அதிகாரம். அவரை டிஆர்எம் மாஸ்டர் என்கிறார்கள். உங்கள் டெஸ்க்டாப்பை நடத்தும் எக்ஸ் சர்வரோ, வேலேண்ட் காம்போசிட்டரோ அந்த இடத்தில் இருக்கும்.

ரெண்டர் கோப்பின் மைனர் எண்கள் 128-இல் தொடங்குகின்றன. திரையைத் தொடாமல் கணக்கீடு, முப்பரிமாண வரைவு, வீடியோ குறிமாற்றம் ஆகியவற்றை மட்டும் செய்ய விரும்பும் நிரல்களுக்கானது இது. முன்பு அப்படிப்பட்ட நிரலும் கார்டு கோப்பைத் திறந்து, திரையை நடத்துபவரிடம் அனுமதி பெற வேண்டியிருந்தது. திரையே இல்லாத சர்வரில் யாரிடம் அனுமதி கேட்பது? இதற்கு விடையாக 2013-இல் 3.12 கெர்னலில் ரெண்டர் கோப்பு சோதனை நிலையில் சேர்க்கப்பட்டது, 2014-இல் 3.17 முதல் அது இயல்பாகவே இயங்குகிறது.

இந்தப் பிரிவினையால் நமக்கு ஒரு நல்ல நோய்க்குறி கிடைக்கிறது. டிஆர்ஐ அடைவில் கார்டு கோப்பு மட்டும் இருந்து ரெண்டர் கோப்பு இல்லையென்றால், உங்கள் ஜிபியூவின் உண்மையான டிரைவர் ஏறவில்லை என்று சந்தேகப்படலாம். ஃபர்ம்வேர் தந்த திரையை அப்படியே பிடித்துக்கொள்ளும் ‘சிம்பிள்டிஆர்எம்’ என்ற எளிய டிரைவர் கார்டு கோப்பை மட்டுமே தரும். சர்வர் பலகைகளில் தொலைநிர்வாகத்துக்காகப் பதித்திருக்கும் ஏஸ்பீட் போன்ற திரைச் சில்லுகளும் அப்படித்தான். படம் தெரிகிறது என்பதால் ஜிபியூ வேலை செய்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

3. கோப்பு உருவாகும் ஐந்து படிகள்

படி 1: வன்பொருள் கண்டறியப்படுகிறது. கணினி எழும்போது கெர்னல் பிசிஐ பாதை முழுவதையும் வரிசையாக விசாரிக்கிறது. ஒவ்வொரு சாதனமும் தன் தயாரிப்பாளர் எண், மாதிரி எண், வகை எண் ஆகியவற்றைச் சொல்கிறது. இன்டெலின் எண் 8086, ஏஎம்டி கிராபிக்ஸின் எண் 1002, என்விடியாவின் எண் 10டிஇ. திரைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களின் வகை எண் 03 என்று தொடங்கும். ராஸ்பெரி பை போன்ற பலகைகளில் சில்லுக்குள்ளேயே இருக்கும் ஜிபியூ இப்படி விசாரித்தால் பதில் சொல்லாது. அங்கே என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்பதை ‘டிவைஸ் ட்ரீ’ என்ற விவரக் கோப்பு கெர்னலுக்குச் சொல்கிறது.

படி 2: டிரைவர் தேடப்படுகிறது. மேற்படி எண்களைச் சேர்த்துக் கெர்னல் ‘மோட்ஏலியாஸ்’ என்ற ஓர் அடையாளச் சரத்தை அமைத்து, புதிய சாதனம் வந்திருக்கிறது என்று அறிவிக்கிறது. ‘யூடெவ்’ என்ற பின்னணிச் சேவை அதைக் கேட்டு, எந்த டிரைவர் மாடியூல் எந்தச் சாதனத்தைக் கையாளும் என்ற பட்டியலுடன் ஒப்பிட்டு, பொருத்தமான மாடியூலை ஏற்றுகிறது. இன்டெல் கார்டுக்கு ‘ஐ915’ அல்லது புதிய ‘எக்ஸ்ஈ’, ஏஎம்டிக்கு ‘ஏஎம்டிஜிபியூ’, என்விடியாவுக்கு ‘நூவோ’ அல்லது அந்த நிறுவனத்தின் சொந்த மாடியூல். யூடெவ் எழும்புவதற்கு முன்பே கண்டறியப்பட்ட சாதனங்களுக்கு என்ன வழி? யூடெவ் தயாரானதும் பழைய அறிவிப்புகளை எல்லாம் மறுபடி ஒலிக்கச் செய்கிறார்கள். அதனால் எதுவும் விடுபடுவதில்லை.

படி 3: டிரைவர் சாதனத்தை ஏற்கிறது. மாடியூல் ஏறினால் மட்டும் போதாது. அதன் ‘புரோப்’ செயற்கூறு கார்டை எழுப்பி, நினைவகத்தைத் தயார் செய்து, தேவையான ஃபர்ம்வேரை ஏற்றி, வெற்றியோடு திரும்ப வேண்டும். இடையில் எது தவறினாலும் டிரைவர் பின்வாங்கிவிடும், கோப்பு உருவாகாது. ஏஎம்டி கார்டுகளில் ஃபர்ம்வேர் பொதி நிறுவப்படாததால் இந்தப் படியிலேயே நின்றுபோவது அடிக்கடி நடக்கும்.

படி 4: கெர்னல் கோப்பை உருவாக்குகிறது. டிரைவர் தன்னை டிஆர்எம்மிடம் பதிவு செய்கிறது. உடனே இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ‘சிஸ்’ அடைவில் அந்தச் சாதனத்துக்கான பதிவு தோன்றுகிறது; அதற்குள் ‘டெவ்’ என்ற சிறு கோப்பில் ‘226:0’ என்று எண்கள் எழுதப்பட்டிருக்கும். கூடவே, டெவ் அடைவில் ‘டெவ்டிஎம்பிஎஃப்எஸ்’ என்ற நினைவகக் கோப்பமைப்பின் மூலம் ‘டிஆர்ஐ/கார்டு0’ என்ற சாதனக் கோப்பைக் கெர்னலே உருவாக்குகிறது. இந்த நொடியில் அது ரூட்டுக்கு மட்டுமே உரியது; வேறு யாரும் திறக்க முடியாது.

படி 5: யூடெவ் உரிமைகளை ஒழுங்கு செய்கிறது. புதிய டிஆர்எம் சாதனம் வந்துவிட்டது என்ற அறிவிப்பைக் கேட்டு, யூடெவ் தன் விதிக் கோப்புகளை எண் வரிசைப்படி படிக்கிறது. கார்டு கோப்பை ‘வீடியோ’ குழுவுக்கும், ரெண்டர் கோப்பை ‘ரெண்டர்’ குழுவுக்கும் மாற்றுகிறது. ‘பை-பாத்’ என்ற உள்ளடைவில், பிசிஐ இடத்தைப் பெயரில் கொண்ட இணைப்புகளை அமைக்கிறது.

இந்த ஐந்து படிகளில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கோப்பை உருவாக்குவது யூடெவ் அல்ல, கெர்னல். கோப்பைப் பொறுத்தவரை யூடெவ் செய்வது உரிமை, குழு, இணைப்பு ஆகிய மூன்றும்தான். பழைய கையேடுகளில் யூடெவ் விதியில் பெயரை மாற்றி எழுதினால் சாதனக் கோப்பின் பெயர் மாறும் என்றிருக்கும்; இன்றைய அமைப்பில் அது நடக்காது. வேறு பெயர் வேண்டுமென்றால் இணைப்பு ஒன்றைக் கூடுதலாக அமைக்கலாம், அவ்வளவுதான்.

4. ஏன் இப்படி அமைந்தது

யூனிக்ஸின் தொடக்க காலத்திலிருந்து டெவ் அடைவு வட்டில் நிரந்தரமாக இருந்த ஒன்று. ‘மேக்டெவ்’ என்ற ஸ்கிரிப்ட், வரக்கூடும் என்று எண்ணிய சாதனங்களுக்கெல்லாம் முன்கூட்டியே கோப்புகளை உருவாக்கி வைத்தது. கணினியில் இல்லாத சாதனங்களுக்கும் கோப்பு இருக்கும். இருக்கும் சாதனம் எது என்பதைக் கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதை மாற்ற 2000-இல் ‘டெவ்எஃப்எஸ்’ கெர்னலில் சேர்ந்தது. கோப்பின் பெயரையும் உரிமையையும் கெர்னலுக்குள்ளேயே முடிவு செய்த அந்த முறை நீடிக்கவில்லை; 2006-இல் நீக்கப்பட்டது. இடையே 2003-இல் கிரெக் குரோ-ஹார்ட்மன் யூடெவைக் கொண்டுவந்தார். எல்லாப் பொறுப்பும் பயனர் பக்கம் போனது. ஆனால் யூடெவ் எழும்பும்வரை கணினிக்குக் கோப்பே இல்லை என்ற நிலை வந்தது. 2009-இன் இறுதியில் வந்த 2.6.32 கெர்னலில் டெவ்டிஎம்பிஎஃப்எஸ் சேர்ந்தபோதுதான் இன்றைய வேலைப்பகிர்வு அமைந்தது: இருப்பதைச் சொல்வது கெர்னல், யாருக்கு உரிமை என்பதைச் சொல்வது யூடெவ்.

இந்த வரலாற்றின் பயன் நமக்கு நேரடியானது. இன்று டெவ் அடைவில் ஒரு கிராபிக்ஸ் கோப்பு இருந்தால், பெரும்பாலும் அதன் பின்னால் உயிருள்ள டிரைவர் இருக்கிறது என்று நம்பலாம். டெவ் அடைவு நினைவகத்தில் இருப்பதால், நீங்கள் கையால் செய்த எந்த மாற்றமும் கணினியை மறுபடி இயக்கியதும் மறைந்துவிடும். கையால் போட்ட ‘சிஎச்மோட்’ மறுநாள் வேலை செய்யவில்லை என்று பலர் திகைப்பதற்குக் காரணம் இதுதான்.

5. என்விடியாவின் தனி வழி

என்விடியா நிறுவனத்தின் சொந்த டிரைவரை நிறுவியவர்கள் டெவ் அடைவில் வேறு சில கோப்புகளைப் பார்ப்பார்கள்: ‘என்விடியா0’, ‘என்விடியாசிடிஎல்’, ‘என்விடியா-மோட்செட்’, ‘என்விடியா-யூவிஎம்’. முதல் மூன்றின் மேஜர் எண் 195. கார்டுகளுக்கு மைனர் எண் 0-வில் தொடங்குகிறது. கட்டுப்பாட்டுக் கோப்பான என்விடியாசிடிஎல்லுக்கு 255, மோட்செட்டுக்கு 254. ‘கூடா’ எனப்படும் ஜிபியூ கணக்கீட்டுக்குத் தேவையான யூவிஎம்முக்கு நிலையான மேஜர் எண் கிடையாது. மாடியூல் ஏறும்போது எது காலியாக இருக்கிறதோ அது கிடைக்கும். ‘/பிராக்/டிவைசஸ்’ கோப்பைப் படித்தால் இன்றைய எண் தெரியும்.

இந்தக் கோப்புகள் மேலே சொன்ன ஐந்து படிகளில் நான்காவதைப் பின்பற்றுவதில்லை. சாதனக் கோப்பைத் தானாக உருவாக்கித் தரும் கெர்னல் செயற்கூறுகள் ஜிபிஎல் உரிமத்தில் உள்ள மாடியூல்களுக்கு மட்டுமே திறந்தவை. மூடிய உரிமத்தில் வளர்ந்த டிரைவர் அவற்றைப் பயன்படுத்த முடியாது. எனவே என்விடியா தனக்கென்று ஒரு வழியை அமைத்துக்கொண்டது. அதன் பயனர் பக்க நிரல் நூலகம், கோப்பு தேவைப்படும் நேரத்தில் அது இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் மாடியூலை ஏற்றிக் கோப்பையும் உருவாக்க முயல்கிறது. ரூட் உரிமை இல்லாத சாதாரணப் பயனராக இருந்தால், ‘என்விடியா-மோட்புரோப்’ என்ற சிறு நிரலை அழைக்கிறது. அந்த நிரல் ‘செட்யூஐடி’ முறையில் ரூட் உரிமையோடு நிறுவப்பட்டிருப்பதால், யார் அழைத்தாலும் கோப்பை உருவாக்கித் தர அதனால் முடியும்.

இதிலிருந்து நான்கு நடைமுறை விளைவுகள் பிறக்கின்றன.

முதலாவது: திரையில்லாத சர்வரில், கணினி எழுந்தவுடன் என்விடியா கோப்புகள் இல்லாமல் இருக்கலாம். முதல் நிரல் கேட்கும்போதுதான் அவை பிறக்கின்றன. கன்டெய்னர் சேவை அதற்கு முன்பே தொடங்கிவிட்டால் அதற்குள் கோப்பு வந்து சேராது. இதற்குத் தீர்வு, எழும்பும் வரிசையில் ‘என்விடியா-மோட்புரோப் -சி=0 -யூ’ கட்டளையையோ, ‘என்விடியா-பெர்சிஸ்டென்ஸ்டு’ சேவையையோ கன்டெய்னர் சேவைக்கு முன்னால் வைப்பது. ‘-சி=0’ முதல் கார்டின் கோப்பை உருவாக்கும்; ‘-யூ’ யூவிஎம் மாடியூலை ஏற்றும்.

இரண்டாவது: பாதுகாப்பை இறுக்குவதாக எண்ணி அந்த நிரலிலிருந்து செட்யூஐடி உரிமையை நீக்கினால், ரூட்டாக இயக்கும்போது கூடா வேலை செய்யும், சாதாரணப் பயனருக்கு வேலை செய்யாது. இந்த வேறுபாட்டைக் கண்டால் முதலில் இங்கே பாருங்கள்.

மூன்றாவது: இவற்றின் இயல்பான அனுமதி 0666, அதாவது எல்லோரும் படிக்கலாம், எழுதலாம். பலர் பகிரும் கணினியில் இதைக் கட்டுப்படுத்த விரும்பினால் சிஎச்மோட் உதவாது. நூலகம் அதைத் திரும்பவும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். டிரைவரின் ‘என்விரெக்’ என்று தொடங்கும் அளவுருக்களில் குழு எண்ணையும் அனுமதியையும் ‘மோட்புரோப்.டி’ அடைவில் எழுத வேண்டும். இப்போது என்ன மதிப்பு நடப்பில் இருக்கிறது என்பதை ‘/பிராக்/டிரைவர்/என்விடியா/பேரம்ஸ்’ கோப்பு சொல்லும்.

நான்காவது: இந்தக் கோப்புகளைக் கெர்னல் உருவாக்காததால், டிரைவரை இறக்கும்போது கெர்னல் அவற்றை நீக்குவதும் இல்லை. எனவே ‘என்விடியா0’ இருக்கிறது என்பதை மட்டும் வைத்து டிரைவர் ஏறியிருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது. முந்தைய பிரிவின் இறுதியில் சொன்ன நம்பிக்கைக்கு இது விலக்கு.

2022 மே மாதத்தில் என்விடியா தன் கெர்னல் மாடியூல்களின் மூலநிரலைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. ஆனாலும் மேற்சொன்ன கோப்பு உருவாக்கும் வழக்கம் தொடர்கிறது. ‘என்விடியா-டிஆர்எம்’ என்ற மாடியூல் ஏறியதும் டிஆர்ஐ அடைவிலும் கார்டு, ரெண்டர் கோப்புகள் தோன்றும். அவை மற்ற கார்டுகளைப் போலவே கெர்னல் உருவாக்குபவை. ஆக ஒரே கார்டுக்கு இரண்டு வழிகளில் பிறந்த கோப்புகள் இருக்கும். எந்த நிரல் எதைத் திறக்கிறது என்று பார்த்துவிட்டு அந்த வழியைச் சோதியுங்கள்.

6. கோப்பு இருக்கிறது, திறக்கவில்லை

இங்கே பிழைச் செய்தியைச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டும். ‘நோ சச் ஃபைல்’ என்றால் கோப்பே இல்லை. முதல் நான்கு படிகளில் ஒன்று நடக்கவில்லை. ‘நோ சச் டிவைஸ்’ என்றால் கோப்பு இருக்கிறது, அதன் பின்னால் டிரைவர் இல்லை. ‘பெர்மிஷன் டினைட்’ என்றால் ஐந்தாம் படியில் கிடைத்த உரிமை உங்களுக்குப் போதவில்லை. ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டெட்’ என்று திறக்கும் நேரத்திலேயே வந்தால், கன்டெய்னரைச் சுற்றியுள்ள வேலி தடுக்கிறது என்று சந்தேகியுங்கள்.

உரிமை இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று குழு. ‘ஐடி’ கட்டளை நீங்கள் எந்தெந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்று காட்டும். ரெண்டர் குழுவில் சேர ‘யூசர்மோட் -ஏஜி ரெண்டர்’ என்று அடித்துப் பயனர் பெயரையும் கொடுங்கள். ‘ஏ’ என்ற எழுத்தை விட்டுவிட்டால் நீங்கள் இருந்த மற்ற துணைக் குழுக்களிலிருந்து நீக்கப்படுவீர்கள். சூடோ உரிமையும் அதோடு போகலாம். சேர்த்த பிறகு வெளியேறி மறுபடி உள்நுழைந்தால்தான் புதிய குழு நடப்புக்கு வரும்.

மற்றொன்று இருக்கை வழி உரிமை. கணினியின் முன் நேரடியாக உட்கார்ந்து உள்நுழைந்திருப்பவருக்கு ‘லாகின்டி’ சேவை கோப்பின் மீது தனி அனுமதி ஒன்றைப் போடுகிறது. எல்எஸ் காட்டும் அனுமதி வரியின் முடிவில் ஒரு கூட்டல் குறி இருந்தால் அதுதான் இது. ‘கெட்எஃப்ஏசிஎல்’ கட்டளையால் யாருக்கு என்று பார்க்கலாம். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து வருபவருக்கு இந்த அனுமதி கிடையாது. நேரில் ஓடும் நிரல் தொலைவிலிருந்து ஓடவில்லை என்ற புதிருக்குப் பெரும்பாலும் இதுவே விடை. பின்னணிச் சேவைகளுக்கும் கிரான் பணிகளுக்கும் இதே நிலைதான். அவற்றின் பயனரைக் குழுவில் சேர்ப்பதே சரியான வழி.

லினக்ஸ் வெளியீடுகளுக்குள் வேறுபாடும் உண்டு. சிஸ்டம்டியின் இயல்புநிலையில் ரெண்டர் கோப்பு 0666 அனுமதியோடு எல்லோருக்கும் திறந்திருக்கும். டெபியனும் உபுண்டுவும் அதை 0660 ஆக்கிக் குழுவினருக்கு மட்டும் என்று வைத்திருக்கின்றன. ஃபெடோராவில் ஓடிய நிரல் உபுண்டுவில் அனுமதி கேட்டு நின்றால் வியப்பதற்கில்லை.

சொந்த விதி எழுத வேண்டியிருந்தால் ‘/இடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி’ அடைவில் எழுதுங்கள். ‘யூஎஸ்ஆர்’ அடைவில் உள்ளதைத் திருத்தினால் அடுத்த புதுப்பிப்பில் அழிந்துவிடும். குழுவை மாற்றும் விதிக்கு 99 போன்ற பெரிய எண்ணை முன்னொட்டாக வைக்கலாம். ஆனால் ‘யூஆக்செஸ்’ என்ற குறியைப் போட்டு இருக்கை வழி உரிமை தருவதானால் எண் 73-க்குக் கீழே இருக்க வேண்டும். அந்தக் குறியைப் படித்துச் செயல்படும் விதி 73-ஆம் எண் கோப்பில் இருக்கிறது. எழுதி முடித்ததும் ‘யூடெவ்ஏடிஎம் கண்ட்ரோல் --ரீலோட்’, பிறகு ‘யூடெவ்ஏடிஎம் டிரிக்கர்’ என்று அடித்தால் மறுபடி இயக்காமலே விதி நடப்புக்கு வரும்.

7. எண்ணை நம்பாதீர்கள்

கார்டு0 என்பது எந்தக் கார்டு? டிரைவர்கள் பதிவு செய்துகொண்ட வரிசைதான் அந்த எண்ணை முடிவு செய்கிறது. இரண்டு கார்டுகள் உள்ள கணினியில் ஒரு நாள் இன்டெல் முந்தலாம், மறுநாள் ஏஎம்டி முந்தலாம். ஒரே கார்டு இருந்தாலும்கூட, எழும்பும்போது சிம்பிள்டிஆர்எம் கார்டு0 இடத்தைப் பிடித்துக்கொண்டு, உண்மையான டிரைவர் வந்ததும் விலகிவிடும். அதற்குள் உங்கள் கார்டுக்கு கார்டு1 என்ற பெயர் விழுந்திருக்கும். கெர்னலைப் புதுப்பித்த பிறகு அமைப்புக் கோப்பில் எழுதிய கார்டு0 காணாமல் போவது இப்படித்தான். ராஸ்பெரி பை 4-இல் திரையைக் கையாளும் பகுதியும் முப்பரிமாண வரைவைக் கையாளும் பகுதியும் தனித்தனிக் கார்டுகளாகப் பதிவாவதால் அங்கும் வரிசை மாறலாம்.

ஆகவே அமைப்புக் கோப்புகளிலும் ஸ்கிரிப்டுகளிலும் பை-பாத் அடைவில் உள்ள பெயரையே எழுதுங்கள். கார்டு அதே பிசிஐ இடத்தில் இருக்கும்வரை அந்தப் பெயர் மாறாது. சிஸ் அடைவில் ‘கார்டு0-எச்டிஎம்ஐ-ஏ-1’ போன்ற பெயர்களைக் கண்டு அவற்றுக்கான சாதனக் கோப்பைத் தேட வேண்டாம்; அவை மானிட்டர் இணைக்கும் துளைகள், அவற்றுக்குத் தனிக் கோப்பு கிடையாது.

8. கன்டெய்னருக்குள்

கன்டெய்னருக்குத் தனி டெவ் அடைவு உண்டு; வெளியே உள்ள கோப்பு தானாக உள்ளே போகாது. டாக்கரில் ‘--டிவைஸ் /டெவ்/டிஆர்ஐ’ என்று கொடுத்தால் இரண்டு வேலைகள் சேர்ந்து நடக்கின்றன: கோப்பு உள்ளே தோன்றுகிறது, அந்த மேஜர், மைனர் எண்களுக்கு சிகுரூப் வேலி திறக்கப்படுகிறது. ‘-வி’ கொடுத்து அடைவை மட்டும் இணைத்தால் கோப்பு கண்ணுக்குத் தெரியும்; ரூட்டாக இருந்தாலும் திறக்க முடியாது.

அதற்கு அடுத்த தடை குழு எண். கெர்னலுக்குக் குழுவின் பெயர் தெரியாது. எண் மட்டுமே தெரியும். வெளியே ரெண்டர் குழுவுக்கு இருக்கும் எண் உள்ளே வேறு குழுவுக்கு இருக்கலாம், அல்லது யாருக்குமே இல்லாமல் இருக்கலாம். வெளியே ‘எல்எஸ் -எல்என்’ அடித்து எண்ணைப் பார்த்து, அதையே ‘--குரூப்-ஆட்’ மூலம் கொடுங்கள். பெயரைக் கொடுத்தால் உள்ளே உள்ள பட்டியலில் தேடி ஏமாற்றிவிடும்.

9. சோதிக்கும் வரிசை

சிக்கல் வரும்போது கீழிருந்து மேலாகப் போங்கள். ஒரு படி உறுதியான பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

அ) ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ அடியுங்கள். கார்டு பட்டியலில் இல்லையென்றால் மென்பொருளில் தேடிப் பயனில்லை. பொருத்திய விதம், மின் இணைப்பு, பயோஸ் அமைப்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

ஆ) அதே விடையில் கார்டின் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இருக்கிறதா? ‘விஎஃப்ஐஓ-பிசிஐ’ என்று இருந்தால் கார்டு மெய்நிகர் கணினிக்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது. டிஆர்ஐ அடைவில் அதைத் தேடக் கூடாது.

இ) அந்த வரியே இல்லையென்றால், ‘/பிராக்/சிஎம்டிலைன்’ கோப்பில் ‘நோமோட்செட்’ என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். நிறுவும்போது திரை வரவேண்டும் என்று சேர்த்துவிட்டு மறந்துபோகும் சொல் இது. அது இருக்கும்வரை உண்மையான டிரைவர்கள் ஒதுங்கியே நிற்கும். அடுத்து ‘மோட்புரோப்.டி’ அடைவில் அந்த மாடியூல் தடைப்பட்டியலில் இருக்கிறதா பாருங்கள்.

ஈ) ‘மோட்புரோப்’ கட்டளையால் கையால் ஏற்றிப் பாருங்கள். ‘கீ வாஸ் ரிஜெக்டெட்’ என்று வந்தால் செக்யூர் பூட், கையொப்பமில்லாத மாடியூலை மறுக்கிறது. மாடியூலே இல்லை என்று வந்தால், புதிய கெர்னலுக்கு ‘டிகேஎம்எஸ்’ என்ற கருவி அதைக் கட்டி முடிக்கவில்லை. ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ விவரம் சொல்லும்.

உ) மாடியூல் ஏறியும் கோப்பு இல்லையென்றால் ‘டிமெஸ்ஜி’ பதிவில் டிரைவரின் பெயரைத் தேடுங்கள். ஃபர்ம்வேர் ஏற்றம் தோற்றது என்ற வரியும் பிழை எண் -2 என்பதும் சேர்ந்து வந்தால் ஃபர்ம்வேர் கோப்பு வட்டில் இல்லை.

ஊ) ‘/சிஸ்/கிளாஸ்/டிஆர்எம்’ அடைவில் கார்டு இருந்தும் டெவ் அடைவில் இல்லையென்றால், டெவ் அடைவின் மீது டெவ்டிஎம்பிஎஃப்எஸ் ஏற்றப்படவில்லை, அல்லது நீங்கள் கன்டெய்னருக்குள் இருக்கிறீர்கள்.

எ) கோப்பு இருக்கிறது, உரிமை மட்டும் தவறு என்றால் ‘யூடெவ்ஏடிஎம் டெஸ்ட்’ கட்டளைக்குச் சிஸ் அடைவின் பாதையைக் கொடுங்கள். எந்த விதிக் கோப்பு என்ன முடிவைத் தந்தது என்று வரிசையாகக் காட்டும்.

இந்த ஏழில் எந்த இடத்தில் நின்றீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். பிறரிடம் உதவி கேட்கும்போது “என் கார்டு வேலை செய்யவில்லை” என்பதைவிட, “டிரைவர் ஏறியிருக்கிறது, ஃபர்ம்வேரில் பிழை எண் -2 வருகிறது” என்று சொன்னால் விடை விரைவில் கிடைக்கும். கணினி எழும்பும்போது ஓடும் ஸ்கிரிப்டுகளில் யாரோ எப்போதோ எழுதிவைத்த எம்கேநோட், சிஎச்மோட் 666 வரிகள் இருந்தால் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அவை மறைத்துவைத்திருந்த காரணத்தைத் தேடுங்கள். ஐந்து படிகளும் ஒழுங்காக நடக்கும் கணினியில் அந்த வரிகளுக்கு வேலை இருக்காது; பல பயனர்கள் பகிரும் கணினியானால், யார் கார்டைத் திறக்கலாம் என்ற முடிவும் மறுபடி உங்கள் கைக்கு வரும்.